மேனுவல் மோடில் முதல் முடிவு ஷட்டர் ஸ்பீடு

கேமராவை எம் மோடுக்கு, அதாவது எல்லா அமைப்பையும் நாமே வைக்கும் மேனுவல் மோடுக்கு, மாற்றிய புதிதில் பலரும் வெளிச்சத்தை அளந்து காட்டும் மீட்டரை நடுவுக்குக் கொண்டுவருவதிலேயே கவனமாக இருப்பார்கள். எந்த டயலைத் திருப்பினால் அது பூஜ்யத்துக்கு வருகிறதோ அதைத் திருப்பிவிட்டுப் படமெடுப்பார்கள். வெளிச்சம் சரியாகத்தான் வந்திருக்கும், ஆனால் ஆள் மங்கலாக இருப்பார். மீட்டருக்குத் தெரிந்ததெல்லாம் வெளிச்சம் எவ்வளவு என்பது மட்டும்தான். எதிரே இருப்பவர் நிற்கிறாரா ஓடுகிறாரா, பிடித்திருக்கும் கை எவ்வளவு உறுதியானது என்பதெல்லாம் படமெடுப்பவருக்குத்தான் தெரியும்.

ஆகவே வரிசையை இப்படி வைத்துக்கொள்ளுங்கள்: முதலில் ஷட்டர் ஸ்பீடு (ஷட்டர் எவ்வளவு நேரம் திறந்திருக்கிறது), அடுத்து அப்பர்ச்சர் (லென்ஸின் துளை எவ்வளவு திறந்திருக்கிறது), கடைசியாக ஐஎஸ்ஓ (பதிவான வெளிச்சத்தைக் கேமரா எவ்வளவு கூட்டிக் காட்டுகிறது). ஐஎஸ்ஓவின் வேலை, முதல் இரண்டையும் வைத்த பிறகு குறைகிற வெளிச்சத்தை ஈடுகட்டுவது. ஐஎஸ்ஓவை ஏற்றினால் நாய்ஸ், அதாவது மணல் தூவியதுபோன்ற புள்ளிகள், வரும் என்று பயந்து ஷட்டரை மெதுவாக்குவதுதான் வீணாகிற படங்களுக்குப் பெரிய காரணம். நாய்ஸை எடிட்டிங்கில் நிறையவே குறைத்துவிடலாம். அசைவில் கலைந்துபோன முகத்தை எந்த மென்பொருளும் உள்ளபடி மீட்டுத் தராது.

திரையில் இருக்கும் எண்கள்

125 என்று காட்டினால் அது 1/125 நொடி. பல கேமராக்கள் பின்னத்தின் கீழ் எண்ணை மட்டுமே காட்டும். எண்ணுக்குப் பக்கத்தில் இரண்டு சிறு கோடுகள் இருந்தால் அது முழு நொடிக் கணக்கு. 4 என்றால் கால் நொடி, 4" என்றால் நான்கு நொடி, 0"5 என்றால் அரை நொடி. பகலில் படம் முழுக்க வெள்ளையாக வந்தால் முதலில் அந்தக் கோடுகள் இருக்கின்றனவா என்று பாருங்கள்.

1/30, 1/60, 1/125, 1/250, 1/500, 1/1000 என்று போகும்போது ஒவ்வொரு படியிலும், படத்தைப் பதிவுசெய்யும் சென்சாருக்குப் போகும் வெளிச்சம் பாதியாகிறது. இந்த ஒரு படிதான் ஒரு ஸ்டாப். பெரும்பாலான கேமராக்களில் டயலின் ஒரு கிளிக் மூன்றில் ஒரு ஸ்டாப். 1/125-இலிருந்து 1/160, 1/200 வழியாக மூன்றாவது கிளிக்கில் 1/250 வரும். அப்பர்ச்சரில் இதே படிகள் 1.4, 2, 2.8, 4, 5.6, 8, 11, 16. லென்ஸின் ஃபோகல் லெங்த்தை, அதாவது அதன் மேல் மில்லிமீட்டரில் போட்டிருக்கும் எண்ணை, துளையின் விட்டத்தால் வகுத்து வரும் எண் அது. அதனால்தான் எண் பெரிதாகும்போது துளை சிறிதாகிறது. ஐஎஸ்ஓவில் 100, 200, 400, 800 என்று இரட்டிப்பாகும்.

மூன்றுக்கும் ஒரே ஸ்டாப் கணக்கு என்பதால் ஒன்றில் இழந்ததை இன்னொன்றில் எடுத்துக்கொள்ளலாம். 1/125, எஃப்/8, ஐஎஸ்ஓ 200 என்ற அமைப்பில் ஒருவர் திடீரென்று ஓடத் தொடங்குகிறார், 1/500 வேண்டும் என்று வையுங்கள். இரண்டு ஸ்டாப் குறைந்துவிட்டது. அப்பர்ச்சரை எஃப்/4-க்குத் திறக்கலாம். பின்னணியும் தெளிவாக இருக்கவேண்டும் என்றால் எஃப்/8-ஐத் தொடாமல் ஐஎஸ்ஓவை 800 ஆக்கலாம். மூன்று அமைப்பிலும் படத்தின் வெளிச்சம் ஒன்றுதான். கணக்கு போடாமலேயே, ஷட்டரில் ஆறு கிளிக் போனால் வேறொன்றில் ஆறு கிளிக் திரும்பு என்று விரல் பழகிவிட வேண்டும்.

எந்த டயல் எதற்கு

இரண்டு டயல் உள்ள கேனான் கேமராக்களில் வழக்கமாக ஷட்டர் பட்டனை ஒட்டிய டயல் ஷட்டர் ஸ்பீடையும், பின்பக்க டயல் அப்பர்ச்சரையும் மாற்றும். நிகானில் இது தலைகீழ்: கட்டைவிரலுக்கு அடியில் இருக்கும் பின் டயல் ஷட்டருக்கு, முன் டயல் அப்பர்ச்சருக்கு. ஒரே டயல் உள்ள தொடக்கநிலை டிஎஸ்எல்ஆர்களில் டயலை அப்படியே திருப்பினால் ஷட்டர் மாறும். கூட்டல், கழித்தல் குறி போட்ட பட்டனை அழுத்திப் பிடித்துக்கொண்டு அதே டயலைத் திருப்பினால் அப்பர்ச்சர் மாறும். இந்தப் பட்டன் தெரியாமல், தங்கள் கேமராவில் அப்பர்ச்சரை மாற்றவே வழியில்லை என்று நினைத்துக்கொண்டிருப்பவர்கள் உண்டு. ஃபியூஜிஃபில்ம் கேமராக்கள் பலவற்றில் மோடு டயலே கிடையாது. லென்ஸின் வளையத்தையும் மேலே உள்ள ஷட்டர் டயலையும் ஏ என்ற இடத்திலிருந்து நகர்த்தினால் அதுவே மேனுவல்.

டயலைத் திருப்பியும் எண் மாறாவிட்டால் ஷட்டர் பட்டனைப் பாதி அழுத்துங்கள். மீட்டர் தூங்கிப்போயிருக்கும். அப்படியும் மாறாவிட்டால் டயல் பூட்டு போட்டிருக்கிறதா என்று பாருங்கள். அப்பர்ச்சர் இருக்கவேண்டிய இடத்தில் 00 என்றோ வெறும் கோடுகளோ தெரிந்தால் லென்ஸும் கேமராவும் பேசிக்கொள்ளவில்லை. லென்ஸைக் கழற்றி, தொடுமுனைகளைச் சுத்தமான உலர்ந்த துணியால் துடைத்து, கிளிக் சத்தம் வரும்வரை திருகி மாட்டுங்கள்.

எவ்வளவு வேகம் வேண்டும்

படத்தைக் கெடுப்பவை இரண்டு அசைவுகள். ஒன்று கையினுடையது, மற்றது எதிரே இருப்பவருடையது. இரண்டுக்கும் தனித்தனியே ஒரு வேகத்தைக் கணக்கிட்டு, அதில் எது அதிகமோ அதை வையுங்கள்.

கைக்கு ஒரு பழைய விதி இருக்கிறது: ஃபோகல் லெங்த்தின் எண்ணைக் கீழே போட்டால் வரும் பின்னம்தான் குறைந்தபட்ச வேகம். 50 மில்லிமீட்டர் லென்ஸுக்கு 1/50, 200-க்கு 1/200. இது 35 மில்லிமீட்டர் ஃபிலிம் அளவுள்ள ஃபுல் ஃபிரேம் சென்சாருக்கான கணக்கு. அதைவிடச் சிறிய ஏபிஎஸ்-சி சென்சார் என்றால் ஃபோகல் லெங்த்தை 1.5-ஆல் பெருக்குங்கள், கேனானில் 1.6, மைக்ரோ ஃபோர் தேர்ட்ஸில் 2. 200 மில்லிமீட்டர் லென்ஸ் ஏபிஎஸ்-சி உடலில் 300 ஆகிறது, எனவே 1/320. இன்றைய சென்சார்களில் பிக்சல்கள் மிக நெருக்கமாக இருப்பதால் சிறு நடுக்கமும் பெரிதாக்கிப் பார்க்கும்போது தெரிந்துவிடும். முடிந்தால் இந்த விதி சொல்வதைவிட இரட்டிப்பு வேகம் வையுங்கள்.

லென்ஸிலோ கேமரா உடலிலோ நடுக்கத்தைச் சமன்செய்யும் ஸ்டெபிலைசேஷன் இருந்தால் 1/15, 1/8 வரைகூடக் கையில் பிடித்து எடுக்கலாம். ஆனால் அது திருத்துவது கை நடுக்கத்தை மட்டும். 1/15-இல் சுவர் கூர்மையாக வரும், அதன் முன்னால் நடந்துபோகிறவர் கரைந்துபோவார்.

எதிரே இருப்பவர் பேசாமல் உட்கார்ந்திருந்தால் 1/125 போதும். கையை ஆட்டிப் பேசுகிறவருக்கு 1/250. நடப்பவருக்கும் 1/250. ஓடியாடும் குழந்தைகளுக்கும் நாய்களுக்கும் 1/500-இல் தொடங்கி 1/1000 வரை. விளையாட்டுப் போட்டிக்கு 1/1000 அல்லது அதற்கு மேல். பறக்கும் பறவைக்கு 1/2000. பெரிய பறவை சிறகை விரித்து மிதக்கும்போது 1/1000-கூடப் போதும். சிறு பறவை படபடவென்று அடித்துக்கொண்டு போனால் 1/3200-க்குப் போகவேண்டியிருக்கும்.

இந்த எண்களை மனப்பாடமாக வைத்துக்கொண்டால் மட்டும் போதாது, அசைவு எந்தத் திசையில் என்பதையும் பார்க்கவேண்டும். கேமராவை நோக்கி நேராக வருகிறவரைவிட, குறுக்கே போகிறவர் சென்சாரின் மேல் அதிக தூரம் நகர்கிறார். அவருக்கு ஒரு ஸ்டாப்பாவது கூடுதல் வேகம் வேண்டும். ஆள் ஃபிரேமில் எவ்வளவு பெரிதாக இருக்கிறார் என்பதும் அப்படித்தான். தூரத்தில் சின்னதாகத் தெரியும் ஓட்டக்காரருக்கு 1/250 சரியாக இருக்கும். அதே ஆள் ஃபிரேமை நிறைத்தால் 1/1000 தேவைப்படும்.

வேகம் கூடிவிட்டாலும் படம் செத்துப்போகும் இடங்கள் உண்டு. ஹெலிகாப்டரை 1/2000-இல் எடுத்தால் இறக்கைகள் அசையாமல் நின்று, வானத்தில் தொங்கவிட்டதுபோல இருக்கும். 1/125 அல்லது அதற்குக் கீழே வைத்தால்தான் இறக்கை சுழல்வது தெரியும். சைக்கிள், கார் போன்றவற்றோடு கேமராவையும் திருப்பிக்கொண்டே எடுக்கும் பேனிங் முறைக்கு 1/30 முதல் 1/60. வண்டி எதிரே வருவதற்கு முன்பே கேமராவைத் திருப்பத் தொடங்குங்கள். ஷட்டர் மூடிய பிறகும் திருப்பலை நிறுத்தாதீர்கள், அழுத்தியதும் கை நின்றுவிடுவதுதான் பேனிங் கெடுவதற்குக் காரணம். தொடர் ஃபோகஸ், தொடர் ஷாட் இரண்டையும் போட்டுக்கொண்டு பத்து பதினைந்து படம் எடுத்தால் ஒன்றிரண்டு நன்றாக வரும். தேர்ந்தவர்களுக்கும் ஏறக்குறைய இதே விகிதம்தான்.

முதல் பயிற்சி

மோடை எம்-க்கு மாற்றுங்கள். ஆட்டோ ஐஎஸ்ஓவை அணையுங்கள். ஃபைல் வகையை ரா (சென்சாரின் தகவலைச் சுருக்கித் திருத்தாமல் வைக்கும் வகை) ஆக்குங்கள், குறைந்தபட்சம் ராவும் ஜேபெக்கும் சேர்ந்து இருக்கட்டும். நல்ல வெயிலில் நின்று ஐஎஸ்ஓ 100, எஃப்/8, 1/400 வையுங்கள். மீட்டரைப் பார்க்காமலேயே படம் ஏறக்குறைய சரியாக வரும். காரணம், நேர் வெயிலில் எஃப்/16 வைத்து, ஐஎஸ்ஓ எண்ணையே பின்னத்தின் கீழே போட்டால் வெளிச்சம் சரியாக இருக்கும் என்பது ஃபிலிம் காலத்திலிருந்து வரும் விதி. எஃப்/16, 1/100 என்பதிலிருந்து இரண்டு ஸ்டாப் திறந்து, இரண்டு ஸ்டாப் வேகத்தைக் கூட்டினால் எஃப்/8, 1/400. லேசான மேகத்துக்கு ஒரு ஸ்டாப், நன்றாக மூடிய வானத்துக்கு இரண்டு மூன்று ஸ்டாப், நிழலுக்கு நான்கு ஸ்டாப் திறந்துகொள்ளுங்கள். இரவில் முழு நிலவை எடுக்கவும் இதே கணக்கிலிருந்துதான் தொடங்கவேண்டும், ஏனென்றால் அதுவும் வெயில் பட்ட பாறைதான். ஐஎஸ்ஓ 100, எஃப்/11, 1/125. இதை மீட்டரிடம் விட்டால் கறுப்பு வானத்தை வெளிச்சமாக்கப் பார்த்து நிலவை வெள்ளை வட்டமாக்கிவிடும்.

பிறகு வீட்டுக்குள் வந்து இரவு விளக்கில் அதே பயிற்சியைச் செய்யுங்கள். ஆள் உட்கார்ந்திருக்கிறார், எனவே 1/125. லென்ஸ் எஃப்/2.8 வரை திறக்கும் என்றால் ஐஎஸ்ஓ 1600 முதல் 3200. கேமராவுடன் வந்த கிட் லென்ஸை ஜூம் செய்து எஃப்/5.6-இல் எடுத்தால் அதே வெளிச்சத்துக்கு 6400-ஐயும் தாண்டவேண்டியிருக்கும். எஃப்/1.8 திறப்புள்ள 35 அல்லது 50 மில்லிமீட்டர் லென்ஸை எல்லோரும் பரிந்துரைப்பது இதனால்தான். எஃப்/5.6-ஐவிட அது மூன்று ஸ்டாப்புக்கு மேல் வெளிச்சம் தருகிறது, 6400 தேவைப்பட்ட இடத்தில் 800-க்கும் கீழே வந்துவிடலாம்.

மீட்டரை எந்த அளவுக்கு நம்புவது

மீட்டர் எதைப் பார்த்தாலும் அதை நடுத்தரச் சாம்பல் நிறமாக எண்ணிக்கொள்கிறது. வெள்ளை உடையும் வெள்ளைச் சுவரும் நிறைந்த ஃபிரேமில் பூஜ்யத்துக்கு வைத்தால் வெள்ளை அழுக்காக வரும், அங்கே கூட்டல் பக்கம் ஒரு ஸ்டாப் தள்ளுங்கள். கறுப்பு நிறைந்த காட்சியில் கழித்தல் பக்கம் ஒரு ஸ்டாப். பழைய நிகான் உடல்கள் சிலவற்றில் கூட்டல் இடது பக்கம் இருக்கும், திசையை ஒருமுறை சரிபார்த்துக்கொள்ளுங்கள்.

ஜன்னலுக்கு முன்னால் நிற்பவரை எடுக்க, ஒரு சிறு இடத்தை மட்டும் அளக்கும் ஸ்பாட் மீட்டரிங்குக்கு மாறி, முகத்தை மட்டும் அளந்து, அமைப்பை வைத்துவிட்டுப் பின்னால் வாருங்கள். ஜன்னல் எவ்வளவு பெரிதாக ஃபிரேமுக்குள் வந்தாலும் முகத்தின் வெளிச்சம் மாறாது. மேனுவல் தரும் மிகப் பெரிய நன்மை இதுதான். எடுத்த படத்தைத் திரையின் பளபளப்பை வைத்து எடைபோடாதீர்கள், இருட்டில் எல்லாப் படமும் வெளிச்சமாகவே தெரியும். படத்தில் இருட்டு இடது பக்கமும் வெளிச்சம் வலது பக்கமுமாக எவ்வளவு இருக்கிறது என்று காட்டும் ஹிஸ்டோகிராம் வரைபடத்தைப் பாருங்கள். மேடு வலது சுவரில் முட்டி நின்றால் அந்த இடத்தில் விவரம் போய்விட்டது. வெளுத்த இடங்கள் மின்னும்படி எச்சரிக்கையையும் மெனுவில் போட்டு வையுங்கள்.

மேனுவலோடு ஆட்டோ ஐஎஸ்ஓவைச் சேர்ப்பது ஏமாற்று வேலை என்று சிலர் சொல்வது தவறு. வெயிலுக்கும் நிழலுக்கும் மாறி மாறி ஓடும் குழந்தையை எடுக்க இதைவிட நல்ல வழி இல்லை: 1/500, எஃப்/4 இரண்டையும் நிறுத்திவிட்டு, ஐஎஸ்ஓ உச்சவரம்பை 6400 என்று வைத்துவிடுங்கள். இந்த நிலையில் மீட்டரை டயலால் நகர்த்த முடியாது. நீங்கள் ஷட்டரைக் கூட்டக் கூட, கேமரா ஐஎஸ்ஓவை ஏற்றிப் பழைய இடத்துக்கே வரும். வெளிச்சத்தைக் கூட்டவோ குறைக்கவோ எக்ஸ்போஷர் காம்பன்சேஷனைத்தான் பயன்படுத்தவேண்டும். வெளிச்சம் மாறாத அரங்கு, ஸ்டுடியோ, பல படங்களை ஒட்டிச் செய்யும் பனோரமா ஆகியவற்றில் ஆட்டோ ஐஎஸ்ஓ வேண்டாம். விளக்கின் நிறத்துக்கேற்பப் படத்தின் நிறத்தைச் சரிசெய்யும் வொயிட் பேலன்ஸும் அங்கே ஆட்டோவில் இருக்கக்கூடாது, ஒவ்வொரு படமும் ஒரு நிறத்தில் வரும்.

படம் கெட்டால் எங்கே பார்ப்பது

மங்கலான படத்தை நூறு சதவீதம் பெரிதாக்குங்கள். எல்லாப் பொருளும், பின்னணியும்கூட, ஒரே திசையில் இழுபட்டிருந்தால் குற்றம் கையினுடையது. பின்னணி கூர்மையாக இருந்து ஆள் மட்டும் இழுபட்டிருந்தால் அவர் வேகத்துக்கு ஷட்டர் போதவில்லை. இழுவையே இல்லாமல் ஆள் மென்மையாகவும், அவருக்கு முன்னாலோ பின்னாலோ உள்ள ஒன்று கூர்மையாகவும் இருந்தால் ஃபோகஸ் தவறியிருக்கிறது. ஷட்டரை எவ்வளவு கூட்டினாலும் அது சரியாகாது. எங்குமே கூர்மை இல்லை, அப்பர்ச்சர் எஃப்/22 என்றால் சிறு துளையில் ஒளி சிதறுவதால் வந்த மென்மை, எஃப்/8 அல்லது 11-க்கு வாருங்கள்.

ஜூம் செய்ததும் படம் இருண்டால் அது லென்ஸின் இயல்பு. 3.5-5.6 என்று போட்ட கிட் லென்ஸை 18 மில்லிமீட்டரில் எஃப்/3.5 வைத்துவிட்டு 55-க்கு இழுத்தால் அது தானாக 5.6 ஆகி ஒன்றரை ஸ்டாப்புக்குச் சற்றுக் குறைவாக வெளிச்சம் போய்விடும். தொடக்கத்திலேயே 5.6 வைத்துவிட்டால் இந்தத் தொல்லை இல்லை.

ஃபிளாஷ் போட்ட படத்தில் ஒரு பக்கம் கறுப்புப் பட்டை வந்தால் ஷட்டர், ஃபிளாஷோடு ஒத்துப்போகும் உச்ச வேகமான சிங்க் வேகத்தைத் தாண்டிவிட்டது. பல கேமராக்களில் எல்லை 1/200 அல்லது 1/250. அதற்கு மேல் போனால், ஷட்டருக்குள் இருக்கும் இரண்டு திரைகளில் முதல் திரை முழுவதும் திறந்துமுடிவதற்குள் இரண்டாவது திரை மூடத் தொடங்கிவிடும், ஃபிளாஷ் மின்னும் கணத்தில் சென்சாரின் ஒரு பகுதி மறைந்திருக்கும். வேகத்தைக் குறையுங்கள், அல்லது ஃபிளாஷில் ஹை ஸ்பீடு சிங்க் இருந்தால் போடுங்கள். ஸ்டுடியோ ஃபிளாஷ் வைத்து எடுக்கும்போது மிரர்லெஸ் கேமராவின் திரை கறுப்பாகவே இருந்தால் கேமராவில் கோளாறு இல்லை. அமைப்பின் விளைவைத் திரையில் காட்டும் வசதியை மெனுவில் அணைத்துவிடுங்கள்.

விளக்கு வெளிச்சத்தில் கிடைக்கோடுகள் வந்தாலோ, தொடர் படங்களில் நிறம் மாறி மாறி வந்தாலோ, விளக்கு மின்னிக்கொண்டிருக்கிறது. 50 ஹெர்ட்ஸ் மின்சாரத்தில் ட்யூப் லைட்டும் பல எல்இடிகளும் நொடிக்கு 100 முறை ஏறி இறங்கும். அங்கே 1/100 அல்லது 1/50 வைத்தால் ஒவ்வொரு படத்திலும் முழுச் சுற்று பதிவாகிக் கோடு மறையும். 60 ஹெர்ட்ஸ் உள்ள நாடுகளில் 1/125 அல்லது 1/60. சத்தமில்லாத எலக்ட்ரானிக் ஷட்டரில் இந்தக் கோடுகள் இன்னும் மோசமாகும். சென்சாரை வரிசை வரிசையாகப் படிப்பதால் வேகமாக வீசப்படும் மட்டையும் அதில் வளைந்து தெரியும். இரண்டுக்கும் மெக்கானிக்கல் ஷட்டரே தீர்வு.

ஒரு நொடியும் அதற்கு மேலும்

ஓடும் நீரைப் பட்டுப்போல எடுக்க கால் நொடி முதல் ஒரு நொடி போதும். வாகன விளக்குகள் நீண்ட கோடுகளாக வர 10 முதல் 20 நொடி. பகலில் இவ்வளவு நேரம் திறந்தால் படம் வெளுத்துவிடும் என்பதால், லென்ஸுக்கு முன்னால் மாட்டி வெளிச்சத்தைக் குறைக்கும் என்டி ஃபில்டர் வேண்டும். மூன்று ஸ்டாப் ஃபில்டர் 1/125-ஐ 1/15 ஆக்கும், ஆறு ஸ்டாப் அரை நொடி ஆக்கும், பத்து ஸ்டாப் எட்டு நொடிக்குக் கொண்டுபோகும். பத்து ஸ்டாப் ஃபில்டரை மாட்டிய பிறகு ஃபோகஸ் பிடிக்காது. முதலில் ஃபோகஸ் செய்து, மேனுவல் ஃபோகஸுக்கு மாற்றிவிட்டு, அதன் பிறகு ஃபில்டரை மாட்டுங்கள்.

டிரைபாடில் வைத்ததும் ஸ்டெபிலைசேஷனை அணையுங்கள், பழைய லென்ஸ்கள் இல்லாத நடுக்கத்தைத் தேடித் தாங்களே நடுங்கும். விரலால் அழுத்தினால் கேமரா அசையும், இரண்டு நொடி டைமரோ ரிமோட்டோ பயன்படுத்துங்கள். டிஎஸ்எல்ஆரில் வியூஃபைண்டர் வழியாகவும் வெளிச்சம் நுழைந்து அளவீட்டைக் கெடுக்கும், அதை மூடிவிடுங்கள். பல கேமராக்களில் 30 நொடிக்கு மேல் வேண்டுமென்றால், பட்டனை அழுத்தியிருக்கும்வரை ஷட்டர் திறந்திருக்கும் பல்ப் மோடுக்குப் போகவேண்டும்.

30 நொடிப் படம் எடுத்து முடித்த பிறகு இன்னொரு 30 நொடி கேமரா எதற்கும் பதில் சொல்லாமல் இருந்தால் பேட்டரியைக் கழற்றிவிடாதீர்கள். நீண்ட எக்ஸ்போஷருக்கான நாய்ஸ் குறைப்பு வேலை செய்துகொண்டிருக்கிறது. ஷட்டரை மூடியபடியே அதே நேரத்துக்கு ஒரு கறுப்புப் படம் எடுத்து, அதில் தெரியும், சென்சாரின் சூட்டால் வரும் ஒளிப்புள்ளிகளை உங்கள் படத்திலிருந்து கழிக்கிறது. தனிப் படத்துக்கு இது நல்லது. நட்சத்திரத் தடங்களுக்காக வரிசையாக நூறு படம் எடுக்கும்போது மட்டும் அணைத்துவிடுங்கள், இல்லாவிட்டால் ஒவ்வொரு படத்துக்கும் நடுவே நட்சத்திரம் நகர்ந்து, கோடுகள் துண்டு துண்டாக வரும்.